நெஞ்சு என்று போட்டுவிடலாம்

ஜனவரி 18, வெள்ளி

பதிப்பாளர் அறவாழி இன்று நேரில் வந்தார். சென்னையிலிருந்து உறையூருக்கு ஒரு பதிப்பாளர் தேடி வருகிறார் என்றால், ஒன்று அவர் எதிலோ மாட்டிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது நம்மை மாட்டிவிடப் போகிறார். இரண்டாவதுதான். பையிலிருந்து அம்மிக்கல் கனத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். கிரேக்கச் சிலையில் தொடங்கி பாரிஸ் ஓவியக்கூடம் வரை, ஐரோப்பியர்கள் பெண்களைத் துணியில்லாமல் செதுக்கியும் வரைந்தும் வந்த வரலாறு. பக்கத்துக்குப் பக்கம் படம்.

"டீச்சர், இத நீங்கதான் தமிழ்ல பண்ணணும். ஆம்பிளைங்க பண்ணா ஒரு மாதிரி ஆயிரும்."

"பொம்பளைங்க பண்ணா?"

"அறிவார்ந்த முயற்சின்னு சொல்லிக்கலாம்."

பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஏற்கெனவே அறவாழிக்கு இரண்டு புத்தகம் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறேன். முதலாவது தேனீ வளர்ப்பு, அடுத்தது சர்க்கரை நோய். மூன்றாவதாக அம்மணம். படிப்படியான முன்னேற்றம்.

என் வீட்டுக்காரர் தருமலிங்கம் காபி கொண்டுவந்தார். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர், எதையும் சரியான இடத்தில் பொருத்துகிற கை. திறந்திருந்த பக்கத்தை ஒரு பார்வை பார்த்தார். தம்ளரை அறவாழியிடம் கொடுக்காமல் படத்தின்மேல் வைத்தார். எங்கே வைக்க வேண்டுமோ அங்கே.

விருந்தாளி போனதும் பழைய காலண்டர் தாளை எடுத்துப் புத்தகத்துக்கு அட்டை போட்டார். வெளியே வேலோடு முருகன், உள்ளே வீனஸ்.

"யாராச்சும் வந்து பாத்தா என்ன நினைப்பாங்க?" என்றார்.

"முருகன் பக்தைன்னு நினைப்பாங்க."

ஜனவரி 21, திங்கள்

முதல் வாக்கியத்திலேயே முட்டிக்கொண்டேன். துணியில்லாமல் இருப்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை வைத்திருக்கிறார்கள். ஒன்று, துணியில்லாமல் மாட்டிக்கொண்டவளுக்கு. மற்றொன்று, அப்படி நிற்பதற்கென்றே நிற்பவளுக்கு. முதலாமவளுக்கு வெட்கம் உண்டு, இரண்டாமவளுக்குச் சட்டகம் உண்டு. முதல் அத்தியாயம் முழுக்க இந்த வித்தியாசம்தான்.

தமிழில் அம்மணம் இருக்கிறது, நிர்வாணம் இருக்கிறது, பிறந்தமேனி இருக்கிறது. முண்டக்கட்டை என்றும் சொல்லலாம், ஆனால் அறவாழிக்கு இதயம் நின்றுவிடும். யோசித்து முதலாமவளுக்கு அம்மணம், இரண்டாமவளுக்கு நிர்வாணம் என்று வைத்துக்கொண்டேன்.

அவரைக்காய் முற்றல். குளிக்கும்போது இடது பக்கம் சோப்பு எதிலோ தடுக்கியது. கொசுக்கடியாக இருக்கும்.

ஜனவரி 27, ஞாயிறு

இன்று இத்தாலிக்காரி ஒருத்தி. மெத்தையில் சாய்ந்து, காலடியில் நாய்க்குட்டி தூங்க, நம்மை நேராகப் பார்க்கிறாள். பின்னால் இரண்டு வேலைக்காரிகள் ஒரு பெரிய பெட்டிக்குள் அவளுக்கு உடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். கிட்டத்தட்ட ஐந்நூறு வருஷமாகத் தேடுகிறார்கள், கிடைத்தபாடில்லை. எங்கள் வீட்டுப் பீரோவிலும் இப்படித்தான்.

தருமலிங்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து அந்தப் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கடைசியில், "நாய் நல்லா வந்திருக்கு" என்றார்.

பிப்ரவரி 4, திங்கள்

பதிப்பகத்துக்குப் பிழை திருத்துகிறவர் இன்று வீட்டுக்கு வந்தார். உள்ளூர்க்காரர்தான், தில்லைநகரில் இருக்கிறார். பெயர் புலவர் திருமேனி. இந்தப் புத்தகத்துக்கென்றே வைத்த பெயர் என்று நினைத்தேன், சொல்லவில்லை. ஓய்வு பெற்ற தமிழாசிரியர், நெற்றி நிறையத் திருநீறு, கையில் நான் அனுப்பிய முதல் மூன்று அத்தியாயங்கள்.

"அம்மா, அந்தச் சொல்லு பக்கத்துக்குப் பக்கம் வருது."

"எந்தச் சொல்லுங்க ஐயா?"

"அதாம்மா. மகரத்துல ஆரம்பிக்கிறது."

"முருங்கைக்காயா?"

அவர் சிரிக்கவில்லை. உள்ளே தருமலிங்கம் இருமினார், அது சிரிப்புத்தான்.

"முலைன்னு எழுதினதச் சொல்றீங்களா ஐயா? பழைய பாட்டுல எல்லாம் தாராளமா வருதே. நீங்களே பிள்ளைங்களுக்கு நடத்தியிருப்பீங்களே."

"நடத்தியிருக்கேன். அந்த எடத்துக்கு வந்ததும் 'மேற்கொண்டு நீங்களே படிச்சுக்கங்க'ன்னு சொல்லிருவேன். அந்தக் காலத்துப் புலவருங்க எழுதலாம்மா. அவங்க புத்தகத்துக்கு அரசாங்க நூலக ஆணை வேண்டியதில்ல."

"திருவண்ணாமலை அம்மனுக்கே உண்ணாமுலைன்னுதானே பேரு? அர்ச்சனைச் சீட்டுல போடறாங்களே."

"அது சாமி."

"இது வீனஸ். அதுவும் அவங்க ஊர்ல சாமிதான்."

மார்பு என்று போடச் சொன்னார். மார்பு உங்களுக்கும் இருக்கிறதே ஐயா என்றேன். துண்டைச் சரிசெய்துகொண்டார். அப்படியானால் மார்பகம் என்றார். உணவகம், பதிப்பகம், மார்பகம், கேட்டால் ஏதோ கடை வைத்த மாதிரி இருக்கிறது என்றேன். எழுந்து போய்விட்டார். ஒரு சொல்லுக்காக இந்த வயதில் மல்லுக்கட்டுவது நன்றாக இருக்கிறது. விடப்போவதில்லை.

பிப்ரவரி 9, சனி

கொசுக்கடி இன்னும் அப்படியே இருக்கிறது. அரிப்பு இல்லை, வலியும் இல்லை. வேறு ஜாதிக் கொசுவாக இருக்கும். வாசலில் சாக்கடை அடைத்திருக்கிறது, மாநகராட்சிக்குப் போன் செய்ய வேண்டும்.

பிப்ரவரி 14, வியாழன்

கையில்லாத சிலை முடிந்தது. இடுப்புத் துணி நழுவுகிற நிலையில் நிற்கிறது. கை இருந்தபோது பிடித்துக்கொண்டிருந்தாளா, அவிழ்த்துக்கொண்டிருந்தாளா என்று அறிஞர்கள் சண்டை போடுகிறார்கள். நம் ஊர்ப் பெண் யாரையாவது கேட்டிருந்தால், பாவாடை நாடா அறுந்துவிட்டது என்று ஒரு நொடியில் சொல்லியிருப்பாள்.

அடுத்தது, ஒரு கையால் மேலேயும் ஒரு கையால் கீழேயும் மறைத்துக்கொள்ளும் வீனஸ்கள். 'நாணமுள்ள வீனஸ்' என்று பெயர். மறைக்கிற கையே 'இங்கே பார்' என்று காட்டிக்கொடுக்கிறது என்று ஆசிரியர் எழுதுகிறார். இதை எழுதியபோது என் இடது கை சும்மா இல்லை, அந்த இடத்தைத்தான் தடவிக்கொண்டிருந்தது. கையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

பிப்ரவரி 22, வெள்ளி

ஆறாவது அத்தியாயம். டச்சு ஓவியர் ஒருவர், குளித்து முடித்து உட்கார்ந்திருக்கிற பெண் ஒருத்தியை வரைந்திருக்கிறார். மற்றப் படங்களில் வருகிறவர்கள் மாவில் பிசைந்த மாதிரி இருப்பார்கள், எங்கேயும் ஒரு மடிப்பு இருக்காது. இவளுக்கு வயிறு இருக்கிறது, தொடை அமுங்கியிருக்கிறது, முகத்தில் யோசனை. எதிரே உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசலாம் போல இருந்தது.

அதற்குக் கீழே ஒரு பத்தி. அந்தப் பெண்ணின் இடது பக்கத்தில் ஒரு குழிவும் நிழலும் தெரிகிறதாம். அது ஒரு நோயின் அடையாளம் என்று பிற்காலத்து மருத்துவர்கள் சிலர் சொல்கிறார்களாம். அதெல்லாம் இல்லை, வெறும் நிழல்தான் என்கிறார்களாம் வேறு சிலர். வரைந்தவருக்குத் தெரியாது. கண்ணில் பட்டதை வரைந்திருக்கிறார்.

இன்று கரண்ட் இல்லை. அந்தப் பத்தியைச் செய்யவில்லை.

பிப்ரவரி 23, சனி

கரண்ட் இருந்தது. பரண் சுத்தம் செய்தேன்.

பிப்ரவரி 25, திங்கள்

சமையலறை டப்பாக்களை எல்லாம் இறக்கிக் கழுவிக் காயவைத்தேன். "பொங்கல் போன மாசமே முடிஞ்சிருச்சு" என்றார் இவர். ஏழாவது அத்தியாயத்துக்குத் தாவிவிட்டேன். அந்தப் பத்தி எங்கேயும் ஓடிப்போகாது.

மார்ச் 2, சனி

சொல்லிவிடுவது என்று காலையில் முடிவு செய்தேன். சொல்லியும் விட்டேன். நடந்ததை எழுதுகிறேன்.

இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். முப்பது வருஷம் வகுப்பறையில் கத்திய தொண்டை, ஒரு சொல் வரவில்லை. கடைசியில், "ஏங்க, நெஞ்சுல எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்றேன்.

பேப்பர் ஒரு பக்கம் பறந்தது, கண்ணாடி ஒரு பக்கம். "உக்காரு! பேசாத! மூச்ச இழுத்து விடு!" என்றவர், லுங்கியோடு தெருவுக்கு ஓடி ஆட்டோவைக் கூட்டிவந்துவிட்டார். இல்லைங்க, அந்த மாதிரி இல்லை என்று நான் சொல்வதற்குள் ஆட்டோ தெருச் சந்திப்பைத் தாண்டிவிட்டது. ஆட்டோக்காரரும் சேர்ந்துகொண்டு, "ஒண்ணும் ஆவாதும்மா, எங்க மாமாவுக்கு ரெண்டு தடவ வந்துச்சு, இன்னும் பிரியாணி சாப்புடுறாரு" என்று ஆறுதல் சொன்னார். இரண்டு ஆண்கள் இவ்வளவு பதறும்போது குறுக்கே பேச மனம் வரவில்லை.

இதய ஆஸ்பத்திரி. ஈசிஜி எடுக்கப் படுக்கவைத்தார்கள். ஒயர் ஒட்டுகிற பெண், இடது பக்கத்தை இட்லித் தட்டை நகர்த்துகிற மாதிரி நகர்த்திவிட்டு ஒட்டினாள். அவள் விரல் அதன் பக்கத்திலேயே இருந்தது. இதோ சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"மூச்ச அடக்குங்கம்மா" என்றாள்.

அடக்கினேன்.

எக்கோ எடுத்தார்கள், ஓடுகிற பட்டையில் நடக்கவிட்டார்கள். என் மகன் வயதில் ஒரு டாக்டர். "அம்மாவுக்கு ஹார்ட் சூப்பரா இருக்கு. வெறும் கேஸ்" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் இவர் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. "பயந்தே போயிட்டேன், மங்கை" என்றார். மங்கையர்க்கரசி என்ற என் பெயரை இவர் சுருக்கிக் கூப்பிடுவது அபூர்வம். அந்த முகத்திடம் போய் எப்படிச் சொல்வது? ஆட்டோவில் ஏறிக்கொண்டோம்.

மார்ச் 5, செவ்வாய்

வீட்டில் உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, ஊறுகாய் ஜாடி பரணுக்குப் போய்விட்டது. வாயுவுக்குப் பூண்டுப் பால். விடிந்ததும் நடைப்பயிற்சி, இவர் முன்னால் நடந்து வழியிலுள்ள நாய்களை விரட்டுகிறார். நன்றாக இருக்கிற இதயத்துக்கு இவ்வளவு மரியாதை. எனக்கு அழுகை வருகிறது. உப்பில்லாத ரசம்தான் காரணம்.

மார்ச் 11, திங்கள்

அச்சுப்படி வந்தது. ஆறாவதில் அந்த ஒரு பத்தி தவிர மற்றதெல்லாம் கோத்திருந்தார்கள். நாற்காலியைச் சன்னல் ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு படித்தேன்.

புலவர் ஐயா கம்ப்யூட்டர்காரர்களிடம் சொல்லி, 'நிர்வாணம்' என்று வருகிற இடத்தையெல்லாம் ஒரே தட்டில் 'ஆடையற்ற நிலை' என்று மாற்றவைத்திருக்கிறார். கேட்கவே இல்லை. ஐந்தாவது அத்தியாயத்தில் காந்தாரச் சிற்பங்களைப் பற்றி ஓர் இடம் வருகிறது. கிரேக்கர்களின் கை பட்டதால் புத்தர் சிலைக்கு எப்படித் துணி மடிப்பு வந்தது என்று சொல்கிற இடம். படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன்.

'ஆசையை அறுத்த புத்தர் ஆடையற்ற நிலை எய்தினார்.'

அடுத்த வரியில், 'அவர் குசிநகரில் மகாபரிஆடையற்ற நிலை அடைந்தபோது சீடர்கள் சுற்றி நின்று அழுதனர்.'

அழாமல் என்ன செய்வார்கள்.

முலையும் போயிருந்தது. எல்லா இடத்திலும் மார்பு. அடிக்குறிப்பில் நான் சேர்த்திருந்த அம்மன்கூடத் தப்பவில்லை, 'திருவண்ணாமலை உண்ணாமார்பு அம்மன்' ஆகியிருந்தாள். நான் சிரித்த சிரிப்பில் வயிறு வலித்தது. வாயுவென்று நினைத்துக்கொண்டு இவர் பூண்டோடு ஓடிவந்தார்.

அறவாழிக்குப் போன் போட்டு இரண்டு இடத்தையும் வாசித்தேன். "டீச்சர், புத்த சங்கத்துக்காரங்க கையில கெடச்சா நான் தீந்தேன்" என்றார். கொஞ்ச நேரத்தில் புலவரையும் அதே அழைப்பில் இழுத்துவிட்டார். புத்தருக்காகப் புலவர் மனதார வருந்தினார். அம்மனுக்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்ட சத்தம்கூடக் கேட்டது. ஆனால் அந்தச் சொல்லில் மட்டும் இறங்கிவரவில்லை.

"அம்மா, ஒங்களுக்கு மார்பு பிடிக்கல, எனக்கு அது பிடிக்கல. பொதுவா நெஞ்சுன்னு போட்டுரலாம். யாருக்கும் உறுத்தாது. படிக்கிறவங்களுக்கு விளங்கிரும்."

"விளங்காதுங்க ஐயா!" என்று கத்தினேன். "நெஞ்சுன்னு சொன்னா ஹார்ட் டாக்டர்கிட்டதான் கூட்டிட்டுப் போவாங்க! அங்க ஒயர ஒட்டி, வாயுன்னு மாத்திரை கொடுத்து அனுப்பிருவாங்க! கட்டி பாட்டுக்கு அங்கயே இருக்கும்!"

என் குரல்தான் அது, என் வாயிலிருந்துதான் வந்தது.

"டீச்சர்?" என்றார் அறவாழி.

வைத்துவிட்டேன்.

திரும்பினால், பூண்டு உரித்த கத்தியோடு சமையலறை வாசலில் இவர் நின்றுகொண்டிருந்தார். எந்த அளவுக்குக் கேட்டது என்று தெரியவில்லை. இனி எந்த அளவாக இருந்தால் என்ன.

"எனக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்லங்க" என்றேன். "முலையில கட்டி இருக்கு."

இவர் முதலில் செய்த காரியம், போய்ச் சன்னலைச் சாத்தியது. பக்கத்து வீட்டில் கேட்டுவிடுமாம். சாத்திவிட்டுக் கொக்கியைப் பிடித்தபடியே அங்கே நின்றார்.

"எந்தப் பக்கம்?"

"இடது."

"எப்பலேருந்து?"

"பொங்கல் முடிஞ்சு ரெண்டு மூணு நாள்லேருந்து."

அரிசி டின்மேல் உட்கார்ந்துவிட்டார். "நான் ஒனக்கு உப்ப நிறுத்தினேனே" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், பயமாக இருக்கிறது.

மார்ச் 13, புதன்

டாக்டர் ஹெப்சிபா. என் வயதுதான் இருக்கும், தலைக்குச் சாயம் பூசாதவர், சுற்றி வளைக்காதவர். ஆஸ்பத்திரியில் யாருக்கும் சொல் பஞ்சமே இல்லை, எல்லாரும் ஆங்கிலத்துக்கு ஓடிவிடுகிறார்கள். சீட்டு எழுதுகிற பெண் முதல் தள்ளுவண்டிக்காரர் வரை 'பிரெஸ்ட்' என்று கூசாமல் சொல்கிறார்கள். புலவரிடம் சொல்ல வேண்டும், அதையே போட்டுவிட்டால் நூலக ஆணை கிடைத்துவிடும்.

தொட்டுப் பார்த்தார். நிறைய நேரம் தொட்டுப் பார்த்தார்.

"ஜனவரியிலயே தெரிஞ்சிருக்கே. ஏம்மா வரல?"

"ஒரு புத்தகம் மொழிபெயர்க்க வேண்டியிருந்துச்சு டாக்டர்."

"என்ன புத்தகம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "முருகன் புத்தகம்."

மேமோகிராம் எடுத்தார்கள். இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்துச் சப்பாத்திக்கு அழுத்துகிற மாதிரி அழுத்தினார்கள். ஐரோப்பிய மேதைகள் உருண்டையாகவே வரைந்த ஒன்றைத் தட்டையாக்கிப் பார்த்தது இந்த மெஷின்தான். பிறகு ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். அந்த அறையில் நான் இருந்த நிலைக்கு அம்மணம்தான் சரியான சொல். முதல் அத்தியாயத்தை மாற்ற வேண்டியதில்லை.

மார்ச் 20, புதன்

கொசு இல்லை.

முழுதாக எடுத்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர். கை இடுக்கிலும் பார்ப்பார்களாம். பிறகு மருந்து, முடி கொட்டும். இன்னும் கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம், ஆனால் ரொம்பத் தாமதமும் இல்லை என்றார். அந்த இரண்டு வாக்கியத்தில் எதைப் பிடித்துக்கொள்வது என்று ஆட்டோவில் வரும்போது யோசித்தேன். இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன்.

ஓசூரிலிருந்து மகன் கதிரவன் போனில் அழுதான். "அம்மா, அது... அத எடுத்துருவாங்களாம்மா?" என்றான். எதைடா என்று கேட்டேன். ஒரு வருஷம் பால் குடித்தவன், அவனுக்கும் பெயர் சொல்லக் கூச்சம். அவனைச் சொல்லி என்ன, நானே இரண்டு மாதம் கொசு என்று எழுதியிருக்கிறேன்.

மத்தியானம் உட்கார்ந்து அந்த டச்சுப் பெண்ணின் பத்தியை மொழிபெயர்த்தேன். அந்தச் சொல் மூன்று இடத்தில் வருகிறது, மூன்றிலும் முலை என்றே போட்டேன். அவளைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. அவளுக்குத் தெரியாது. பிறகு அவள்மேல் கோபமும் வந்தது. உனக்குப் பக்கத்தில் ஒரு கிழவி உன் காலைத் துடைத்துக்கொண்டிருக்கிறாளே, அவளிடமாவது சொல்லியிருக்கலாமே அம்மா.

ஏப்ரல் 1, திங்கள்

நாளை மறுநாள் ஆபரேஷன். பை எடுத்து வைத்துவிட்டேன். முன்பக்கம் பித்தான் வைத்த சட்டைதான் போட முடியுமாம், இவருடைய அரைக்கைச் சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டேன். தோசை மாவு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாகிவிட்டது.

சாயங்காலம் புலவர் திருமேனி வந்தார். அறவாழி சொல்லியிருக்கிறார். ஆப்பிள் வாங்கிவந்திருந்தார், நோயாளி வீட்டுக்கு வேறு என்ன வாங்குவது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் தெரியாது. உட்கார்ந்தார். மின்விசிறியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரம்மா வயித்து வலின்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க" என்றார். "நானும் ஓமத்தண்ணி வாங்கிக் கொடுத்துட்டே இருந்தேன். வயிறு இல்லம்மா அது. வேற எடம். கடைசியில டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது. அதுக்கு அப்புறம் நாலு மாசம்தான்."

தருமலிங்கம் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"அந்தச் சொல்ல இனிமே நான் தொடலம்மா" என்றார் புலவர். "இருக்கட்டும். எல்லா எடத்துலயும் பழையபடி போடச் சொல்லிட்டேன். புத்தரையும் சரி பண்ணியாச்சு." வாசல் வரை போய்ச் செருப்பை மாட்டியவர் திரும்பினார். "ஆனா அம்மணம் மட்டும் வேணாமே?"

"அதுவும் வேணும் ஐயா."

தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

ஏப்ரல் 5, வெள்ளி

ஆஸ்பத்திரி. எடுத்தாகிவிட்டது. வலிக்கிறது. ஆப்பிள் நிறைய வந்திருக்கிறது.

ஏப்ரல் 8, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. கை இடுக்கிலிருந்து ஒரு குழாய், அதன் முனையில் ஒரு உருண்டை டப்பா, அதில் சிவப்புத் தண்ணீர் சேருகிறது. அதைத் திறந்து கொட்டி அளந்து மூட நர்ஸ் இவருக்குத்தான் சொல்லிக்கொடுத்தாள். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். ரயில் எஞ்சினில் இதைவிடப் பெரிய குழாயெல்லாம் பார்த்தவராம், நர்ஸிடம் பெருமையடித்தார். டப்பா சட்டைக்கு வெளியே தொங்குவதால் இதுவரை சட்டையைத் திறக்க வேண்டி வரவில்லை. காயத்துக்குப் போட்டிருந்த கட்டை ஆஸ்பத்திரியில் மாற்றினார்கள், அப்போது இவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டேன்.

மருந்து எப்போது என்று அடுத்த மாதம் சொல்வார்களாம்.

ஏப்ரல் 12, வெள்ளி

அறவாழி அட்டைப்படம் அனுப்பியிருந்தார். எந்தப் படம் வேண்டும் என்று நான்கு மாதிரி. மூன்று வீனஸ், ஒரு டச்சுக்காரி. டச்சுக்காரி என்றேன். "டீச்சர், அவங்க கொஞ்சம் வயசானவங்களா தெரியறாங்களே" என்றார். டச்சுக்காரிதான் என்றேன். "சரி டீச்சர்" என்றார்.

ஏப்ரல் 16, செவ்வாய்

இன்று குழாயை எடுத்துவிட்டார்கள். கட்டும் அவிழ்த்தாகிவிட்டது. இனித் துணி நனைத்துத் துடைத்துக்கொள்ளலாம், தையல்மேல் மட்டும் தண்ணீர் படக்கூடாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து பார்த்தால் என்னால் முடியவில்லை. இடது கை தோளுக்கு மேல் ஏறவில்லை, வலது கை முதுகுக்கு எட்டவில்லை. ஆஸ்பத்திரி வாடை என் மேலேயே வீசியது. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடலாம் என்று பார்த்தால், சித்திரை வருஷப் பிறப்புக்கு ஊருக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை.

"நான் பண்றேன்" என்றார் இவர். பேப்பரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் என்னை வெளிச்சத்தில் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் விளக்கு ஸ்விட்ச் எப்போதும் என் பக்கம்தான். ஒரு பிள்ளை பெற்று, அவனுக்குக் கல்யாணம் செய்து, எல்லாம் ஆன பிறகும் அப்படித்தான். இதில் பெருமையும் இல்லை, குறையும் இல்லை. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஸ்விட்ச் அந்தப் பக்கம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் காட்டுவதென்று வந்தால், இருந்தபோது காட்டியிருக்கலாம். ஐம்பத்தெட்டு வயதில், ஒரு பக்கம் இல்லாமல், பட்டப்பகலில், வெட்டிப்போட்ட மாதிரித் தையலோடு. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அவர் முகம் ஒரு நொடி மாறினாலும் நான் செத்துவிடுவேன் என்று நினைத்தேன்.

முக்காலியில் உட்கார்ந்தேன். வாளியில் வெந்நீர் விளாவிக் கொண்டுவந்து வைத்தார். சன்னலைச் சாத்தப் போனவரை, வேண்டாம், திரையை மட்டும் இழுத்துவிடுங்கள் என்றேன். பித்தான்களை நானே கழற்றினேன். அவருடைய சட்டை, பித்தான் துளை இறுக்கம். கடைசிப் பித்தான் வந்துவிட்டது. சட்டையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு முந்திக்கொண்டு சிரித்தேன். "என்ன, புத்தகத்துல இருக்கிற மாதிரி இல்லையா?"

அவர் சிரிக்கவில்லை. பார்த்தார். இருக்கிற பக்கத்தைப் பார்த்தார், இல்லாத பக்கத்தைப் பார்த்தார், தையல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று பார்த்தார். அவசரமே படவில்லை. என் கை தானாக மறைக்கப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"குளிருதா?" என்றார். "ஃபேன நிறுத்தவா?"

எத்தனையோ நூறு வருஷமாக எத்தனை பெண்களை உட்காரவைத்து, நிற்கவைத்து, சாயவைத்துப் பார்த்திருக்கிறார்கள். முழுப் புத்தகத்தையும் வரிக்கு வரி மொழிபெயர்த்தவள் நான். இந்தக் கேள்வி அதில் எங்கேயும் வரவில்லை.

குளிரவில்லை என்று நான் சொல்வதற்குள் நிறுத்தியே விட்டார். உறையூரில், சித்திரை மாதத்தில், மத்தியானத்தில். துண்டைப் பிழிந்து முதுகிலிருந்து ஆரம்பித்தார். இரண்டு பேருக்கும் வியர்த்துக் கொட்டியது, துடைக்கத் துடைக்க வியர்த்தது. துடைத்து முடித்த பிறகும் நான் சட்டையைப் போட்டுக்கொள்ளவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.